ரெக்-ஏ படத்தில் டி.என்.ஏ. எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு அறிவியல் பக்கத்தில் ரெக்-ஏ பற்றிய கட்டுரையுடன், ‘டி.என்.ஏ.வைப் பிடித்துப் பழுதுபார்க்கும் ரெக்-ஏ புரதம்’ என்ற குறிப்புடன் ஒரு படம் வந்திருந்தது. அந்தப் படத்தில் டி.என்.ஏ.வே கிடையாது. அது ஈ.கோலி பாக்டீரியாவின் ரெக்-ஏ; ஸ்டோரி, வெபர், ஸ்டைட்ஸ் மூவரும் 1992-ல் வெளியிட்ட வடிவம். புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர் பாய்ச்சித்தான் இப்படி வடிவம் காண்பார்கள். இது டி.என்.ஏ. சேர்க்காத படிகத்தில் கண்டது.

படத்தை உற்றுப் பார்த்தால் புரதச் சங்கிலி இரண்டு இடங்களில் அறுந்து நிற்கும். அச்சுப் பிழை அல்ல. எல்-1, எல்-2 எனப்படும் அந்த இரு கண்ணிகளும் (சங்கிலியின் வளைந்த துண்டுகள்) டி.என்.ஏ. இல்லாதபோது நிலைகொள்ளாமல் ஆடுகின்றன. ஆடும் பகுதி எக்ஸ் கதிரில் தெளிவாகத் தெரியாது. ஆனால் டி.என்.ஏ.வைப் பற்றுவதில் முக்கியப் பங்கு அவற்றுக்குத்தான். கையில்லாத சிலையைப் போட்டு ‘வில்லேந்திய கோலம்’ என்று எழுதினால் எப்படி?

டி.என்.ஏ.வையும் சேர்த்தே படிகமாக்கியிருக்கலாமே என்று தோன்றும். சிக்கலே அங்கேதான். ஒற்றை இழை டி.என்.ஏ.வும், செல்லுக்கு ஆற்றல் தரும் அடினோசின் ட்ரைபாஸ்பேட்டும் கிடைத்துவிட்டால் ரெக்-ஏ ஒன்றையடுத்து ஒன்றாகக் கோத்துக்கொண்டே போகும். ஒரே குழாயில் குட்டைச் சரமும் இருக்கும், நெட்டைச் சரமும் இருக்கும். அளவு ஒவ்வாத செங்கல்லில் சுவர் எழும்பாது, படிகமும் அப்படித்தான். போதாக்குறைக்கு, ட்ரைபாஸ்பேட் சிதைந்து டைபாஸ்பேட் ஆனதும் பிடி தளர்ந்துவிடும்.

2008-ல் நியூயார்க்கில் சென், யாங், பாவ்லெடிச் ஆகியோர் இதற்கு வழி கண்டார்கள். ஐந்து ரெக்-ஏக்களைச் சிறு இணைப்புகளால் தொடுத்து ஒரே புரதமாகச் செய்தார்கள். மேற்கொண்டு நீளாதபடி முனையை நறுக்கினார்கள். ஒரு ரெக்-ஏவுக்கு 3 காரம் (டி.என்.ஏ.வின் ‘எழுத்து’) என்ற கணக்கில், தைமின் என்ற காரம் 15 கொண்ட இழையைக் கொடுத்தார்கள். ட்ரைபாஸ்பேட்டுக்குப் பதில் டைபாஸ்பேட்டும் அலுமினியம் ஃபுளூரைடும். இந்தக் கூட்டு சிதையாது, பிடியும் தளராது.

கட்டுரையின் இன்னொரு வரியும் இந்த 2008 வடிவத்தில்தான் இடறுகிறது. ரெக்-ஏ பிடித்த டி.என்.ஏ. ‘ரப்பர் போல ஒரே சீராக’ ஒன்றரை மடங்கு நீள்கிறது என்கிறார் கட்டுரையாளர். ஒன்றரை மடங்கு சரி. எலக்ட்ரான் நுண்ணோக்கி முன்பே காட்டிய சராசரி அது. சீராக என்பதுதான் தவறு. இயல்பான டி.என்.ஏ.வில் காரத்துக்குக் காரம் 3.4 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). ரெக்-ஏவுக்குள் மூன்று மூன்று காரங்கள் ஏறத்தாழ அதே நெருக்கத்தில், 3.5 முதல் 4.2 வரை, ஒட்டி நிற்கின்றன. ஒரு மும்மைக்கும் அடுத்ததற்கும் நடுவேதான் 7.8 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி. ரயில் பெட்டிகள் நீளவில்லை, இணைப்புகள்தான் நீண்டிருக்கின்றன. இந்த அமைப்பு சும்மா இல்லை. அறுந்த டி.என்.ஏ. தனக்கு ஒத்த இழையைத் தேடும்போது, இயல்பு வடிவம் கலையாத மும்மையில் சரியான இணை மட்டுமே செவ்வனே பொருந்தும். எல்லாம் சீராக இழுபட்டிருந்தால் இந்தச் சோதனை பலவீனப்பட்டிருக்கும்.

காசநோய்க் கிருமியின் ரெக்-ஏ வடிவத்தைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் விஜயன், முனியப்பா குழுவினர் 2000-ல் வெளியிட்டதைக் கட்டுரை குறிப்பிட்டது மகிழ்ச்சி. அதுவும் டி.என்.ஏ. இல்லாத வடிவம்தான் என்பதைச் சேர்த்திருக்கலாம்.

திருத்தம் வெளியிடுவதானால், புரதத் தரவு வங்கியில் 2008-ஆம் ஆண்டுப் படிகங்களின் கோப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. புரதத்தை வெளிர் நிறத்திலும் டி.என்.ஏ.வை அடர் நிறத்திலும் போட்டால், மும்மைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி செய்தித்தாள் அச்சிலும் தெரியும்.

இப்படிக்கு,
படிகவியல் ஆசிரியர் ஒருவர்,
சென்னை