ராத்திரியில் மாறுகிற வண்டி

திருப்பூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வாடல் நோய்க்கு இன்னொரு வரிசைத் தென்னையும் போய்விட்டது என்று படித்ததும் மனசு கேட்கவில்லை. அப்பா கையால் வைத்த மரங்கள் அவை. சின்னவளுக்கு நல்ல இடம் அமைந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், முகூர்த்தத்துக்கு முந்தின நாளே வந்துவிடுவோம். இங்கே கம்பெனி ஓடுகிறது என்றும் சொல்லலாம், ஓடவில்லை என்றும் சொல்லலாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்காக்காரன் நம் சரக்குக்கான வரியை 50 சதவீதத்துக்கு ஏற்றினானே, அதில் பட்ட அடி இன்னும் சரியாகவில்லை. அதை நேரில் பேசிக்கொள்வோம்.

பேட்டரி கார் பற்றி இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். தானாக ஓட்டிக்கொள்ளுமா என்பது ஒன்று. வீட்டில் நிற்கிற வண்டிக்கு ராத்திரியில் அப்டேட் வருகிறதாமே, அதாவது வண்டிக்குள் இருக்கிற சாஃப்ட்வேரைக் கம்பெனி மாற்றுகிறதாமே, அது நல்லதா கெட்டதா என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்குப் பதில் சின்னது. ஓட்டாது. ஷோரூமில் 'லெவல் 2' என்று சொல்வார்கள். முன்னால் போகிற வண்டிக்கு இடைவெளி விட்டு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும், வெள்ளைக் கோடுகளுக்கு நடுவில் ஸ்டீயரிங்கைத் திருப்பிக் கொடுக்கும் (இதற்குத்தான் லேன் அசிஸ்ட் என்று பெயர்), முட்டப் போகிறோம் என்று பட்டால் தானே பிரேக் அடிக்கும். உன் கை ஸ்டீயரிங்கிலும் கண் ரோட்டிலும்தான் இருக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா, முன் பம்பரில் ஒரு ரேடார், என் வண்டிக்கு முன்பக்கக் கண் இவ்வளவுதான். போன ஆயுத பூஜைக்கு என் வீட்டுக்காரி பம்பர் நிறைய செவ்வந்தி மாலை போட்டுவிட்டாள். கோயிலுக்குக் கிளம்பினால், முன்பக்க சென்சார் மறைந்திருக்கிறது என்று திரையில் மஞ்சள் எழுத்து. மாலையை ஓரமாகத் தள்ளிக் கட்டிய பிறகுதான் அது அடங்கியது. ஃபாஸ்டேக் ஒட்டும்போதும் கேமராவுக்கு நேரே ஒட்டிவிடாமல் பார்த்துக்கொள்.

பெரிய ரோட்டில் நன்றாகவே உதவுகிறது, அதை மறைக்க மாட்டேன். அவிநாசி தாண்டி பெருந்துறை, சங்ககிரி என்று சேலம் போகிற 544-ம் நம்பர் நெடுஞ்சாலையில் கோடு பளிச்சென்று இருக்கும். சரக்கு லாரி வலது லேனைப் பிடித்துக்கொண்டு உருளும்போது, இது பாட்டுக்குப் பின்னால் அடங்கி வரும். கால் வலி இல்லை, கோபமும் வருவதில்லை. பல்லடத்திலிருந்து நெகமம் வழியாக உன் ஊருக்கு வரும் தடம் வேறு. கோடு இருக்கும், திடீரென்று இருக்காது. எதிர்த்திசையில் தீவனக்கட்டு ஏற்றிய எக்ஸெல் ஒன்று ஓரமாக வரும், நமக்கு அது சாதாரணம், வண்டிக்கு அது எமன். காரணமே இல்லாமல் ஒரு பிரேக் விழும், பின்னால் வருகிறவன் ஹாரனிலேயே திட்டுவான்.

தைப்பூச சமயத்தில் தாராபுரம் ரோட்டில் போனபோது ஒன்று கவனித்தேன். பழனிக்கு நடக்கிற கூட்டம் உனக்குத் தெரியும், காவடியும் பச்சை வேட்டியுமாக ஓரம் முழுக்க ஆள். அவர்களுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்குவோம் இல்லையா? இண்டிகேட்டர் போடாமல் கோட்டைத் தாண்டினால் ஓட்டுநர் தூங்கிவிட்டான் என்று நினைத்து லேன் அசிஸ்ட் ஸ்டீயரிங்கை இடது பக்கமே திருப்புகிறது. அதாவது நடக்கிறவர்கள் பக்கமே. பெரிய இழுப்பு இல்லை, கையை இறுக்கினால் நமக்குத்தான் அடங்கும். ஆனாலும் அந்த இடத்தில் அந்த இழுப்பு வயிற்றைப் புரட்டிவிடும். இண்டிகேட்டர் போட்டால் வேண்டுமென்றே ஒதுங்குகிறோம் என்று புரிந்துகொண்டு விட்டுவிடுகிறது. நான் ஹைவேயை விட்டு இறங்கியதும் லேன் அசிஸ்டை அணைத்துவிடுவேன், தானே அடிக்கிற பிரேக்கை மட்டும் விட்டுவைப்பேன். வேலிகளுக்கு நடுவில் போகிற இட்டேரிக்குள் எல்லாம் இதற்கு வேலையே இல்லை.

சரி, அப்டேட்டுக்கு வருகிறேன். நான் ரொம்ப யோசித்தது இதைத்தான்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். 2018-ல் அமெரிக்காவில் டெஸ்லா மாடல் 3 காரை கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை சோதித்தது. மணிக்கு 60 மைல் வேகத்தில் பிரேக் பிடித்தால் நிற்க 152 அடி ஆனது, அந்த வகைக் காருக்கு அது ரொம்ப அதிகம். கம்பெனி ஒரு அப்டேட் அனுப்பியது. மறுபடி சோதித்தபோது 133 அடி. ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் பத்தொன்பது அடி பிரேக் தூரம் குறைந்தது. நம் காலத்தில் இப்படி ஒன்றைக் கற்பனை செய்திருப்போமா? பிரேக் சரியில்லை என்றால் ஷெட்டில் விட்டு, டிரம்மைக் கழற்றி, ரெண்டு நாள் டீக்கடையில் உட்கார வேண்டியதுதான்.

இதே வழியில் கெடவும் செய்யும். 2019-ல் அதே கம்பெனி பழைய மாடல் எஸ் கார்கள் சிலவற்றில் பேட்டரியின் உச்ச வோல்டேஜை அப்டேட் மூலம் குறைத்தது. தீ விபத்துகளுக்குப் பிறகு பாதுகாப்புக்காகச் செய்தோம் என்றார்கள். முழுசாக சார்ஜ் போட்டாலும் பழைய தூரம் ஓடவில்லை. வழக்கு நடந்து, 2021-ல் ஒரு காருக்கு 625 டாலர் கொடுத்து முடித்தார்கள். 2023 நவம்பரில் ரிவியன் என்கிற இன்னொரு அமெரிக்க பேட்டரி கார் கம்பெனி தவறான பாதுகாப்புச் சான்றிதழோடு ஒரு அப்டேட்டை அனுப்பிவிட, சில கார்களில் திரை இருண்டுபோனது. வண்டி ஓடியது, திரைதான் செத்துவிட்டது.

என் கதை இவ்வளவு பெரிசு இல்லை. ஒரு நாள் திரையில் அறிவிப்பு வந்தது. போர்ட்டிகோவுக்கு வைஃபை எட்டாததால் பையன் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்தோம். இறக்கி முடித்து, ராத்திரி வண்டி தானே ஏற்றிக்கொண்டது. அந்த நேரத்தில் வண்டியை எடுக்க முடியாது, யாருக்காவது நெஞ்சு வலி வந்தால் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் எழுப்ப வேண்டும். காலையில் என்ன மாறியது என்று பார்த்தால் இரண்டே வரி. 'செயல்பாடு மேம்படுத்தப்பட்டது, பிழைகள் சரிசெய்யப்பட்டன' என்கிற பொருளில் இங்கிலீஷில் இருந்தது. ஈரோடு போகும்போதுதான் காலுக்குத் தெரிந்தது. முன்பு லாரி தூரத்தில் தெரியும்போதே மெதுவாக வேகம் இறங்கும். இப்போது கிட்டத்தில் போய், கொஞ்சம் அழுத்தமாகப் பிடிக்கிறது. போதாததற்கு நான் அணைத்து வைத்திருந்த லேன் அசிஸ்ட் தானாக மறுபடி உயிர்பெற்றிருந்தது. சர்வீஸ் சென்டரில் கேட்டேன். கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் மாறலீங்ணா" என்றார் அந்தப் பையன். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கும் அந்த இரண்டு வரிதான் வந்திருக்கிறது.

புது அமைப்பு பழையதைவிட நல்லதாகவே இருக்கலாம். என் ஆத்திரம் அதில் இல்லை. பழைய வண்டியின் குறைகள் எனக்குத் தெரியும், எங்கே முந்திக்கொண்டு பிரேக் அடிக்கும், எங்கே அடிக்காது என்று கால் பழகியிருந்தது. உங்கள் தாத்தா காங்கேயம் காளையை வைத்து வண்டி ஓட்டினார், மாட்டின் குணம் அறிந்துதான் கயிற்றைப் பிடித்தார். ராத்திரி யாரோ வந்து அதே நிறத்தில் வேறு காளையைக் கட்டிவிட்டுப் போனால், அது முந்தியதைவிடச் சாதுவாகவே இருந்தாலும், சொல்லிவிட்டுக் கட்ட வேண்டுமா இல்லையா?

சொல்ல வேண்டும் என்று விதியும் இருக்கிறது. ஐ.நா.வின் வாகன விதிகளில் 156-வது விதி அப்டேட்டுக்கென்றே எழுதப்பட்டது. எதற்காக, எது மாறுகிறது, எவ்வளவு நேரம் ஆகும் என்பதை ஓட்டுபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. நம் நாட்டிலும் ஏஐஎஸ் 190 என்று இதற்கொரு தர நிர்ணயம் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தகவலைத் தமிழில் நான்கு வரி கொடுத்தால் கம்பெனிக்கு என்ன குறைந்துவிடும்? 2023 டிசம்பரில் அமெரிக்காவில் டெஸ்லா சுமார் 20 லட்சம் கார்களுக்கு ரீகால் போட்டது, அதாவது குறை இருக்கிறது, சரிசெய்து தருகிறோம் என்று அறிவித்தது. ஓட்டுபவர் ரோட்டைக் கவனிக்கிறாரா என்று பார்க்கும் ஏற்பாடு போதவில்லை என்பது குறை, அதற்கான மருந்து ஒரு அப்டேட். அங்கே ரீகால் என்று ஊரறியச் சொல்லிச் செய்கிற காரியம், இங்கே 'மேம்பாடு' என்ற ஒரே வார்த்தையில் அடங்கிவிடுகிறது.

அதற்காகப் பயந்து விட்டுவிடாதே. வண்டி அருமையான வண்டி. வால்பாறை போய் ஆழியாறுக்கு இறங்கினால் நாற்பது கொண்டை ஊசியும் பிரேக்கை அதிகம் தொடாமல் வரலாம், மோட்டாரே வேகத்தைப் பிடித்துக் கரண்ட் எடுப்பதால் இறங்க இறங்க பேட்டரியும் ஏறும். மேலேயே முழுசாக சார்ஜ் போட்டுவிட்டு இறங்காதே, நிறைந்த பேட்டரி வாங்கிக்கொள்ளாது. 1993-ல் கோயமுத்தூரிலும் சாலக்குடியிலும் லவ்பேர்ட் என்று இரண்டு பேர் உட்காரும் பேட்டரி கார் செய்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு இந்த மலையைக் காட்டியிருந்தால் அங்கேயே நின்றிருக்கும்.

ஷோரூமுக்குப் போனால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதை எல்லோரும் கேட்பார்கள், நீ மூன்று கேள்வி கூடக் கேள். அப்டேட்டைத் தள்ளிப்போட முடியுமா? பிடிக்கவில்லை என்றால் பழையதற்குத் திரும்ப முடியுமா? அணைத்து வைத்தது அப்டேட்டுக்குப் பிறகும் அணைந்தே இருக்குமா? பதிலை வாயால் சொன்னால் போதாது, எழுதி வாங்கு. நாங்கள் கல்யாணத்துக்கு வரும்போது என் வண்டியில்தான் வருகிறோம். ஒறம்பரை எல்லாம் கிளம்பிய பிறகு சாவியைத் தருகிறேன், உடுமலை வரை நீயே ஓட்டிப் பார். தோட்டத்து வீட்டுச் சாளையில் பதினைந்து ஆம்பியர் பிளக் ஒன்று மட்டும் எர்த் சரியாக இருக்கும்படி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போட்டுவை.

அன்புடன்,
உன் மச்சான்