கடைசியாகக் கண்டவர்கள் சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாக 2017 பெப்ரவரி 20 அன்று காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு வந்து அமர்ந்த தாய்மாரைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தாய், மனைவி, சகோதரி எல்லோரும் அதில் இருந்தார்கள். என்னைப் போன்றவர்கள் இல்லை. கட்டுரையாளரைக் குறை சொல்லமாட்டேன். நாங்கள் இதுவரை வாய் திறந்ததில்லை.

நான் முள்ளியவளையில் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். அவன் சிலாவத்தைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பையன், கடற்தொழில் செய்யும் வீடு. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு முன் சிலாவத்தைக் கரையில் கடல்நீர் அள்ளி வந்து, அந்த நீரிலேயே காட்டா விநாயகர் கோயிலில் விளக்கேற்றுவது எங்கள் ஊர் வழக்கம். 2007-இல் அப்பம்மாவோடு தீர்த்தம் எடுப்பதைப் பார்க்கப் போயிருந்தேன். கரையில் நின்ற அவன், "உப்புத் தண்ணீரில் விளக்கு எப்படி எரியும்?" என்று கேட்டான். "தண்ணீர் திராட்சை ரசமானதை நீ நம்புகிறாய்தானே?" என்றேன். எனக்கு அப்போது 15 வயது. அந்த வாதத்தைப் பிறகு டியூஷன் வகுப்பில் கொப்பித் தாள்களில் எழுதி எழுதித் தொடர்ந்தோம். யாரும் யாரையும் மதம் மாறச் சொல்லவில்லை.

போரின் கடைசி மாதங்களில், 2009 மார்ச்சில், வலைஞர்மடத்தில் இருந்தோம். சேலைகளை வெட்டிப் பைகளாகத் தைத்து, மணல் நிரப்பி அடுக்கிய பங்கர். கலியாணம் கட்டியவர்களை இயக்கத்துக்கு, அதாவது புலிகளின் படைக்கு, பிடிக்கமாட்டார்கள் என்று நம்பி, பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் அவசரமாகத் தாலி கட்டிவைத்த நாட்கள் அவை. அவனுடைய அம்மா எங்கள் பங்கருக்கு வந்து என் அப்பாவிடம் கேட்டார். "வேதக்காரருக்குப் பெண் கொடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை" என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்படிக் கட்டிவைத்தது சரியென்று இன்றும் நான் சொல்லமாட்டேன். என் வகுப்புத் தோழி ஒருத்தி 18 வயதில் கைக்குழந்தையோடு விதவையானாள். ஆனால் அப்பா மறுத்தது என் வயதை எண்ணி அல்ல. எட்டாம் நாள் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏப்ரல் 20 அன்று புதுமாத்தளன் வழியாகச் சனம் வெளியேறியபோது அவனுடைய அம்மாவும் போய்விட்டார். மகன் எங்கே என்று அவருக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தது. மே 17, வட்டுவாகல். கத்தோலிக்கக் குருவான பிரான்சிஸ் யோசப் அடிகளார் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு போய்த் திரும்பாமற்போன அதே இடம், அதற்கு முதல் நாள். ஒரு நாளேனும் இயக்கத்தில் இருந்தவர்கள் தனியே வாருங்கள் என்று இராணுவத்தினர் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் அவன் நின்றான். நீலச் சாரம், இடது காலில் அழுக்குத் துணிக் கட்டு. என்னைக் கண்டதும், "அம்மா எங்கே?" என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.

இதை நான் 15 ஆண்டுகள் எவரிடமும் சொல்லவில்லை. போரில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் அப்பா, "பெயர் கெட்டுவிடும், பேசாதே" என்றார். பிறகு கலியாணம், பிள்ளைகள். தன் கடைசி வருடத்தில் அப்பா இரண்டு முறை, "அந்தப் பையனைப் பற்றி ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். அவரிடமும் சொல்லவில்லை. என் கணவரிடம் சொன்ன இரவில் அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் காலையில், "வா, அந்த அம்மாவிடம் போவோம்" என்றார்.

போன நவம்பரில் போனோம். ஆத்துமாக்களின் திருநாளான 2ஆம் திகதி அந்த அம்மா மகனுக்காக மெழுகுதிரி ஏற்றுவதில்லை. அது இறந்தவர்களுக்கு உரியது. காணாமற்போனவற்றைத் தேடித் தரும் அந்தோனியாரிடம் செவ்வாய்க்கிழமைகளில்தான் ஏற்றுகிறார். அவன் எனக்குத் தந்திருந்த செபமாலையைக் கையில் வைத்தேன். அறுந்த இடத்தைத் தங்கூசியால், மீன்பிடி நைலோன் இழையால், முடிந்திருந்தான். அந்த முடிச்சை விரலால் தடவிப் பார்த்து, "இது அவனுடைய அப்பா பழக்கிய முடிச்சு" என்றார். வட்டுவாகலில் கண்டதையும் அவன் கேட்டதையும் சொன்னேன். நான் இத்தனை வருடம் மறைத்ததைப் பற்றி அவர் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. "அன்றைக்கு அவன் ஏதாவது சாப்பிட்டிருந்தானா, பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இதைப் படிக்கும் என் வயதுப் பெண்களே, உங்களில் சிலருக்கும் ஒரு திகதி தெரியும், ஓர் இடம் தெரியும், அவர்கள் அன்று என்ன உடுத்தியிருந்தார்கள் என்று தெரியும். அந்தப் படங்களோடு அமர்ந்த அம்மாக்களில் பலர் பதில் கிடைக்காமலே கண் மூடிவிட்டார்கள். மிஞ்சியிருப்பவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். கணவன்மாரே, தகப்பன்மாரே, அவர்களைத் தடுக்காதீர்கள். முடிந்தால் கூடவே போங்கள்.

பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். அவனுடைய அம்மாவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு வாசகி,
முள்ளியவளை