கில் தீவுக் கடலில் துணைநின்றவர்களுக்கு

அன்பு நண்பர்களே,

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா வடகரையில், திமிங்கிலக் கணக்கெடுப்பில் தன்னார்வலராக இந்தக் கோடையைக் கழித்துவிட்டு வான்கூவர் திரும்பியிருக்கிறேன். முதல் நன்றி அங்கே ஹார்ட்லி பே என்ற சிற்றூரில் வாழும் கிட்காத் பூர்வகுடி மக்களுக்கு. நேரிலேயே சொல்லிவிட்டேன். ஆனாலும் அவர்கள் யாரென்று நம்மவர்களுக்கும் தெரியவேண்டும்.

அவர்கள் ஊருக்குச் சாலை கிடையாது. படகு அல்லது கடல்விமானம்தான். ஊருக்குள் நடக்கப் பலகைப் பாதைகள். 2006 மார்ச் 22, நள்ளிரவு தாண்டிய நேரம், 'குவீன் ஆஃப் தி நார்த்' பயணிகள் கப்பல் பக்கத்திலுள்ள கில் தீவில் மோதி மூழ்கியது. சேதி கேட்டதும் கும்மிருட்டில் சொந்தப் படகுகளை எடுத்துக்கொண்டு கிளம்பியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். 101 பேரில் 99 பேர் கரைசேர்ந்தார்கள்.

அப்படிப்பட்டவர்கள் ஓட்டிய படகில்தான் நாங்கள் போனோம். எந்த முனையில் காற்று திடீரென்று மாறும், ஹெர்ரிங் மீன் எங்கே திரளும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. மீன் திரண்ட இடத்துக்குக் கூன்முதுகுத் திமிங்கிலங்களும் வந்துவிடும். மீன்கூட்டத்தைச் சுற்றிக் குமிழிகளால் வேலி கட்டி, வாயைப் பிளந்துகொண்டு ஒன்றாக மேலே எழும். மறுபடி மூழ்கும்போது வால் தூக்கும் அந்த இரண்டு மூன்று விநாடிதான் படம் எடுக்க நேரம். வாலின் அடியிலுள்ள கறுப்பு வெள்ளைக் கோலம் ஒவ்வொன்றுக்கும் வேறு. நம் கைரேகை மாதிரி. நனைந்து நடுங்கித் திரும்பினால், காய்ந்த கடற்பாசி தூவிய சோறும் சால்மனும் காத்திருக்கும். ஆக்கிப்போட்ட அம்மாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

படங்களை ஒப்பிட்டுப் பெயரிட்ட மாணவர்களுக்கும், கடலடி மைக்கின் ஒலியை இரவெல்லாம் கேட்டுக் குறித்தவர்களுக்கும் நன்றி. இக்கரையோர ஓர்காக்களில் (கொலையாளித் திமிங்கிலம் என்பார்களே, அவைதான்) குடும்பத்துக்குக் குடும்பம் குரல் வேறுபடும். காது பழகியவர்கள், கண்ணால் பார்க்காமலே எந்தக் கூட்டம் என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

கண்டதைக் குறித்தனுப்பிய மீனவர்களே, படகுக்காரர்களே, 'இதெல்லாம் ஒரு உதவியா' என்று கேட்டீர்கள். 1971இல் மைக்கேல் பிக் என்ற விஞ்ஞானி கலங்கரை விளக்கக் காவலர்கள், மீனவர்கள் என்று ஆயிரக்கணக்கானோருக்குப் படிவம் அனுப்பி, ஒரே நாளில் எத்தனை ஓர்கா கண்டீர்கள் என்று கேட்டார். ஆயிரக்கணக்கில் இருப்பதாக நம்பப்பட்டவை சில நூறுதான் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. காட்சிசாலைகளுக்காக அவற்றைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது.

இன்று வேறு கவலை. கிட்டிமாட் துறைமுகத்திலிருந்து 2025 முதல் எரிவாயுக் கப்பல்கள் இதே நீர்வழியாகப் போகின்றன. திமிங்கிலம் எந்த மாதம் எங்கே கூடுகிறது என்ற பதிவு கையில் இருந்தால்தான், 'இந்த இடத்தில் வேகத்தைக் குறையுங்கள்' என்று கேட்க வாய் வரும். உங்கள் குறிப்புகள் அதற்குத்தான். அடுத்த கோடையிலும் அனுப்புங்கள். படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, நாள், நேரம், இடம் மட்டும் விடவேண்டாம்.

வழிச்செலவுக்குப் பணம் திரட்டித்தந்த டொராண்டோ நண்பர்களுக்கும் நன்றி. இரவல் தந்த மழைக்கோட்டில் மீன் வாடை இன்னும் போகவில்லை. போனதும் அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தன்னார்வலர்