சட்டையில் இருக்கும் பெயர்கள், உறையில் இருக்கும் பெயர்கள்

இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

நம் அணியின் சட்டையில் பெயர் எழுதிக்கொண்ட கம்பெனிகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். நீத்தார் அறிவிப்புப் பக்கம் போலவே இருக்கும். சஹாரா 2013 வரை இருந்தது. அடுத்த ஆண்டே அதன் தலைவர் திகார் சிறைக்குப் போனார். 2017-ல் ஐந்து ஆண்டுக்கு 1,079 கோடி என்று வந்த ஓப்போ, 2019-ல் பாதியிலேயே கைமாற்றிவிட்டு நடையைக் கட்டியது. கை நீட்டி வாங்கிக்கொண்ட பைஜூஸ் மீது 158 கோடி பாக்கிக்காக நீங்களே திவால் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. 2023-ல் 358 கோடிக்கு, பணம் கட்டி ஆடும் செயலியான ட்ரீம்11 வந்தது. 2025 ஆகஸ்ட் 22-ல் ஆன்லைன் பண விளையாட்டுத் தடைச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். சில நாள்களில் அந்தப் பெயரும் போயிற்று. செப்டம்பரில் ஆசியக் கோப்பைக்கு நம் பிள்ளைகள் நெஞ்சில் எந்த விளம்பரமும் இல்லாமல் இறங்கினார்கள். இத்தனை ஆண்டுகளில் வந்த சட்டைகளில் பார்க்க லட்சணமாக இருந்தது அதுதான்.

இப்போது 2028 மார்ச் வரை 579 கோடிக்கு அப்போலோ டயர்ஸ். டயர் நல்ல பொருள். கடையில் அடுக்கியிருப்பார்கள், கையால் தட்டிப் பார்த்து வாங்கலாம். நள்ளிரவு 2 மணிக்கு ‘இன்னும் ஒரு டயர் மட்டும்’ என்று யாரும் தாலிக்கொடியை அடகு வைப்பதில்லை.

பழமைவாதி எழுதும் கடிதம் என்றால், ஐந்து நாள் டெஸ்ட், வெள்ளைச் சட்டை, மதியச் சாப்பாட்டு இடைவேளை என்று புலம்பல் வரும் என எதிர்பார்ப்பீர்கள். அதுவும் உண்டு, பிறகு வருகிறேன். முதலில் சொல்ல வேண்டியது இதைவிடப் பழைய சங்கதி. கல்லாவில் உட்காருபவர் கணக்கெழுதக் கூடாது. கணக்கெழுதுபவரே அதைத் தணிக்கை செய்யக் கூடாது. ஊர்க் கோயில் திருவிழாக் கமிட்டிக்கே தெரிந்த வழக்கம் இது. விளையாட்டின் விதிகளை ஆண்டுக்கொரு தடவை மாற்ற உங்களுக்குக் கை கூசுவதில்லை. 2023-ல் ஐ.பி.எல்.லில் ‘இம்பாக்ட் பிளேயர்’ என்று பன்னிரண்டாவது ஆளை உள்ளே கொண்டுவந்தீர்கள். ஆல்ரவுண்டர் என்ற இனமே மெல்ல அருகுகிறது. ஆனால் கல்லா விதிக்கு மட்டும் கை வரவில்லை.

2008-ல் ஒரு தடவை வந்தது. வாரிய நிர்வாகிகள் வாரியப் போட்டிகளில் வணிக நலன் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற பழைய விதி 6.2.4-இல், ஐ.பி.எல்.லுக்கு மட்டும் விலக்கு என்று ஒரு வரி சேர்த்தீர்கள். ஒரே சொற்றொடர்தான். விளைவு, சென்னை அணியை வைத்திருந்த கம்பெனியின் நிர்வாக இயக்குநர் என். சீனிவாசனே வாரியத்தின் தலைவராகவும் ஆனார். 2013 மே மாதம் அவருடைய மருமகன் சூதாட்ட வழக்கில் கைதானபோது, அவர் அணியின் நிர்வாகி அல்லர், வெறும் ‘கிரிக்கெட் ஆர்வலர்’ என்று விளக்கம் வந்தது. வீரர்களின் ஓய்வறை வரை போய்வர அனுமதி அட்டை வைத்திருந்த ஆர்வலர்! அவர் அணி நிர்வாகிதான் என்று, உச்ச நீதிமன்றம் அமைத்த முத்கல் குழு 2014 பிப்ரவரியில் சொன்னது. 2015 ஜனவரி 22-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை அடித்தது. ஜூலையில் அதே நீதிமன்றம் அமைத்த லோதா குழு சென்னைக்கும் ராஜஸ்தானுக்கும் இரண்டு ஆண்டுத் தடை விதித்தது. மஞ்சள் சட்டைக்காரர்களுக்கு இன்றும் வலிக்கும் இந்தக் கதையின் வேர் ஆடுகளத்தில் இல்லை, உங்கள் விதிப்புத்தகத்தின் ஒரு வரியில் இருக்கிறது.

ஸ்பாட் ஃபிக்ஸிங் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை எட்டிப் பார்க்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பந்தயம் வாங்கும் தரகரான புக்கி, ஆட்ட முடிவுக்கு மட்டும் பந்தயம் வாங்குவதில்லை. முதல் ஆறு ஓவரில் எத்தனை ஓட்டம் என்று ‘செஷன்’ திறப்பான். 46-48 என்று இரண்டு எண் சொல்வான். 48-ஐத் தொடும் என்பவன் ஒரு பக்கம், 46-ஐத் தொடாது என்பவன் மறுபக்கம். இதில் ஒரே ஓவரில் 14 ஓட்டம் போய்விட்டால் செஷன் முழுதும் மேலே சாயும். ஆகவே ஆட்டத்தை விலைக்கு வாங்க வேண்டாம். ஆறு பந்தை வாங்கினால் போதும். அந்த ஆறு பந்து எந்த ஓவரில் வரப்போகிறது என்பது முன்கூட்டித் தெரிய வேண்டும், தெரிந்த பிறகு பந்தயம் போட நேரமும் வேண்டும். அதற்குத்தான் சமிக்ஞை. 2013-ல் ராஜஸ்தான் அணியின் மூன்று வீரர்களைப் பற்றி டெல்லி போலீஸ் சொன்ன கதையில், ஒருவர் இடுப்பில் துண்டு செருகுவது, ஒருவர் கைப்பட்டையைச் சரிசெய்வது, ஒருவர் சட்டையைத் தூக்கிவிடுவது என்று வந்தவையெல்லாம் இந்த வகை. ஓவருக்கு முன் கை காலை நீட்டி மடக்குவதுகூட உடம்புக்காக இல்லை, புக்கியின் போனுக்காக என்றார்கள்.

இந்தத் தொழிலில் கோளாறும் சகஜம். பந்து போடுபவர் ஒத்துக்கொண்டாலும் மட்டை பிடித்தவருக்கு விஷயம் தெரியாதே. அதே போலீஸ் கணக்குப்படி, மொகாலியில் 14 என்று பேசிய ஓவரில் வந்தது 13. இன்னொருவர் பேசியபடி ஓட்டத்தைக் கொடுத்தார், சமிக்ஞை காட்ட மறந்துவிட்டார். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்களாம். நோ-பாலுக்கு இந்தத் தொல்லை இல்லை. கோட்டைத் தாண்ட மட்டையாளரின் தயவு தேவையில்லை. 2010 லார்ட்ஸ் டெஸ்டில் பாகிஸ்தானின் ஆமிரும் ஆசிஃபும் வீசியவை அந்த ரகம். இன்றைக்கும் வேவு பார்ப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது பெரிய தோல்விகளை அல்ல, கோட்டை ஓர் அடி தாண்டும் காலைத்தான்.

லார்ட்ஸ் வழக்கில் 2011 நவம்பரில் மூன்று வீரர்களும் அவர்களுடைய ஏஜெண்டும் சிறைக்குப் போனார்கள். சூதாட்டத்தில் ஏமாற்றுவது குற்றம் என்று பிரிட்டனில் 2005-லேயே சட்டத்தில் எழுதியிருந்தது. இலங்கை 2019 நவம்பரில் விளையாட்டுக் குற்றங்களுக்குத் தனிச் சட்டம் போட்டது. பத்து ஆண்டு வரை சிறை. கிரிக்கெட்டில் உலகத்துக்கே படியளக்கும் நம் நாட்டில்? 2013 வழக்குக்குத் தாதாக்களைப் பிடிக்க வைத்திருந்த மகோகா சட்டத்தைத் தூக்கி வந்தார்கள். 2015 ஜூலையில் ராஜஸ்தான் வீரர்கள் மூவரையும் நீதிமன்றம் விடுவித்தது. 2022 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது: மேட்ச் ஃபிக்ஸிங் ஒழுங்கீனம்தான், ஆனால் 420-ஆவது பிரிவின்படி மோசடி ஆகாது. ரசிகர் தானே விரும்பித்தான் டிக்கெட் வாங்குகிறார், அவரை யாரும் ஏமாற்றிப் பணம் பிடுங்கவில்லை என்பது காரணம். தர்க்கத்தில் பிழை சொல்ல முடியாது. அதற்குப் பிறகு நம் சட்டத்தில் மாறியது 420 என்ற எண் மட்டும்; இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318. விளையாட்டு மோசடித் தடுப்பு மசோதா ஒன்று 2013-லேயே வரைவாக எழுதப்பட்டு, எந்த அலமாரியிலோ தூங்குகிறது. ரம்மிச் செயலி நடத்தினால் மூன்று ஆண்டு சிறை என்று இரண்டே நாளில் இரு அவைகளிலும் நிறைவேற்ற முடிந்த அரசுக்கு, இதை எழுப்ப நேரமில்லையா? அல்லது நீங்கள் கேட்கவே இல்லையா?

நீங்கள் கேட்டால் மறுக்கப்போகிறவர் யார்? நாடாளுமன்றத்தில் எலியும் பூனையுமாக இருப்பவர்கள் உங்கள் கூட்ட அறையில்தான் ஒரே தட்டில் முந்திரி எடுக்கிறார்கள். காங்கிரஸின் மாநிலங்களவை உறுப்பினர் துணைத் தலைவராக, பா.ஜ.க. எம்.எல்.ஏ. பொருளாளராக, இத்தனை ஒற்றுமையாக ஒரு நிர்வாகக் குழு இருந்ததே. ஐக்கிய நாடுகள் சபைக்குப் பாடம் எடுக்கலாம். 2025 செப்டம்பரில் துபாயில் பாகிஸ்தான் வீரர்களுடன் கை குலுக்க மாட்டோம் என்றோம், இறுதிப் போட்டியில் வென்ற கோப்பையையும் ஆசிய கிரிக்கெட் கவுன்சில் தலைவர் கையால் வாங்க மாட்டோம் என்றோம். அவர் பாகிஸ்தானின் உள்துறை அமைச்சர், அந்நாட்டு வாரியத் தலைவரும் அவரே. அங்கே அமைச்சரே வாரியத்தை நடத்துகிறார், சே! நாம் அப்படியில்லை. அமைச்சர்கள் பதவி வகிக்கக் கூடாது என்று 2016 ஜூலை 18-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுகிறோம். அந்த எழுத்தில் மகன், தம்பி ஆகிய சொற்கள் இல்லை, அவ்வளவுதான். நம் உள்துறை அமைச்சரின் மகன் ஐந்து ஆண்டு உங்கள் செயலாளராக இருந்து ஐ.சி.சி.க்குத் தலைவரானார். முன்னாள் அமைச்சரின் தம்பி ஐ.பி.எல். தலைவரானார். அவர்களுக்குத் திறமை இருக்கலாம். திறமை குறிப்பிட்ட சில வீடுகளில் மட்டும் இப்படிப் பொங்கி வழிவதுதான் வியப்பு.

இதில் வாக்காளர்களான நாங்களும் யோக்கியர்கள் இல்லை. 2000 டிசம்பரில் நீங்கள் ஆயுள் தடை விதித்த முன்னாள் கேப்டன் அசாருதீனை, தடை நடப்பில் இருக்கும்போதே 2009-ல் மொராதாபாத் மக்கள் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். தடை செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2012-ல்தான். மைதானத்துக்குள் வரக் கூடாதவர் சட்டம் இயற்றலாம் என்பது எங்கள் தீர்ப்பு.

கணக்குக்கு வருவோம். நீங்கள் தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான சங்கம். மனமகிழ் மன்றமும் குடியிருப்போர் நலச் சங்கமும் இருக்கும் அதே பதிவேடு. கிரிக்கெட்டை வளர்ப்பது அறப்பணி என்று வாதாடி, ஐ.பி.எல். வருமானத்துக்கு வரி விலக்கை 2021-ல் தீர்ப்பாயத்தில் வென்றீர்கள். அடுத்த ஆண்டே 2023-27 ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமையை 48,390 கோடிக்கு விற்றீர்கள். சரி, அறப்பணியே இருக்கட்டும். அன்னதானம் போடுபவர்கூட எத்தனை இலை என்று கணக்கு சொல்கிறார். தகவல் உரிமைச் சட்டத்துக்குள் உங்களைக் கொண்டுவர வேண்டும் என்று 2018-ல் சட்ட ஆணையம் தன் 275-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. 2025-ல் வந்த தேசிய விளையாட்டு ஆளுமைச் சட்டமோ, அரசு உதவி வாங்கும் அமைப்புகளுக்கு மட்டும்தான் தகவல் உரிமை என்று வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டது. நீங்கள் வெளியே நிற்கிறீர்கள். சட்டம் கட்டாயப்படுத்தாததைத் தானாகச் செய்வதற்குத்தான் பெரியவர்கள் மரியாதை என்று பெயர் வைத்தார்கள்.

டிக்கெட் விஷயத்தில் அரசும் உங்களுக்குச் சளைத்ததில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஐ.பி.எல். டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 40 விழுக்காடு ஆயிற்று. 1,000 ரூபாய் டிக்கெட் 1,280-லிருந்து 1,400. அங்கீகரிக்கப்பட்ட சர்வதேசப் போட்டிக்கு 500 ரூபாய் வரை வரியே இல்லை, அதற்கு மேல் 18 மட்டும். டெஸ்ட் மேட்ச் நல்லொழுக்கம், இருபது ஓவர் கேளிக்கை என்று பழமைவாதிகள் தொண்டை கிழியச் சொன்னதை ஒருவழியாக ஜி.எஸ்.டி. கவுன்சில் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறோம். ஆனால் டிக்கெட் கிடைக்க வேண்டுமே. உங்கள் 2018 சாசனம் 90 விழுக்காட்டைப் பொது விற்பனைக்கு விடச் சொன்னது. இலவச பாஸ் தகராறில் இந்தூரில் நடக்க வேண்டிய ஒரு நாள் போட்டியே விசாகப்பட்டினத்துக்குப் போனது. அந்த விதி இன்று எந்த மைதானத்தில் எப்படி நடக்கிறது? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மொத்த இருக்கை, பொது விற்பனை, ஸ்பான்சர் பங்கு, மன்ற உறுப்பினர் பங்கு, இலவசம் என்று ஐந்து எண்களை மறுநாள் வெளியிடுங்கள். கள்ளச் சந்தையை ஒழிக்கப் போலீஸைவிட இது மலிவு. எந்தக் குழாயில் ஒழுகுகிறது என்று தெரியாமல் வாளியோடு ஓடிப் பயனில்லை.

கடைசியாக அந்த உறை. 2014-ல் முத்கல் குழு 13 பெயர்களை மூடிய உறையில் வைத்து உச்ச நீதிமன்றத்திடம் கொடுத்தது. வீரர்கள் அல்லாத நால்வரின் பெயர் மட்டும் அந்த ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. மற்றவர்களில் குற்றமற்றவர் இருந்தால் அவருக்குப் பத்தாண்டுக்கு மேலாகக் கெட்ட பெயர்; குற்றவாளி இருந்தால் பத்தாண்டுக்கு மேலாகச் சம்பளம். உறையைத் திறக்க நீங்களே நீதிமன்றத்தில் மனுப் போடலாம். எத்தனையோ மனு போட்ட கை.

இப்படிக்கு,
டெஸ்ட் மேட்ச் டிக்கெட்டுக்கு 18 விழுக்காடு கட்டத் தயாராக இருக்கும் ஒரு ரசிகன்

பி.கு.: புகையிலை, மதுவுக்கான மறைமுக விளம்பரங்களை நிறுத்துங்கள் என்று 2025 மார்ச்சில் மத்தியச் சுகாதாரத் துறையிலிருந்து ஐ.பி.எல்.லுக்குக் கடிதம் வந்தது அல்லவா. பான் மசாலா கம்பெனிகளின் பெயரில் டி.வி.யில் வரும் அத்தனை ஏலக்காயும் எங்கே விளைகிறது என்று போடிநாயக்கனூர் வியாபாரிகளிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள்.