விசையில் எண்ணெய் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க மான் வேட்டைப் பருவம் பற்றிய கட்டுரையில், சுட்ட ஒவ்வொரு முறையும் ரைஃபிள் குழலைப் பளபளவென்று துடைக்க வேண்டும் என்றிருந்தது. அங்கே பழுத்த வேட்டைக்காரர்கள் பலர் அப்படிச் செய்வதில்லை. குழலில் எண்ணெய்ப் பசை மிஞ்சினால் முதல் தோட்டா வேறிடத்தில் போய் விழும். வேட்டையில் முதல் தோட்டாதானே கணக்கு! பருவத்துக்கு முன் துடைத்து, இரண்டு மூன்று தோட்டா சுட்டுக் குறி சரிபார்த்து, அப்படியே விட்டுவிடுவார்கள். மழையில் நனைந்தால் மட்டும் அன்றிரவே துடைப்பு.

துடைப்பதானால் தோட்டாவை அகற்றி, போல்ட்டை (குழலின் பின்புறத்தை அடைக்கும் நகரும் பூட்டு) கழற்றி, பின்புறமிருந்தே கம்பியைச் செலுத்த வேண்டும். முன்வாயிலிருந்து குத்தினால் விளிம்பு தேய்ந்து குறி கெடும். துணியில் நீலப்பச்சை தெரிந்தால் குழலில் தோட்டா விட்ட செம்புப் படிவு இருக்கிறது என்பார்கள். ஆனால், துடைக்கப் பயன்படும் அமோனியா கலந்த கரைப்பான் வெண்கலப் பிரஷை அரித்தாலும் அதே நிறம்தான் வரும். நைலான் பிரஷ் என்றால் இந்தக் குழப்பமில்லை.

சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசை எவ்வளவு இலகுவோ அவ்வளவு நல்லது என்பதும் ஆபத்தான பேச்சு. மேசையில் தாங்கிவைத்துச் சுடும் போட்டிக்குச் விசையை இழுக்கச் சில அவுன்ஸ் அழுத்தம் சரி. கையுறைக்குள் விறைத்த விரலுக்கு 3 பவுண்டு, அதாவது சுமார் 1.4 கிலோ, இருக்கட்டும். விசைப்பொறிக்குள் எண்ணெய் ஊற்றவே கூடாது. கடுங்குளிரில் அது பிசினாகி, சுடும் ஊசியைத் தடுத்துவைக்கும் உள்கொக்கி முழுதாகப் பிடிக்காமல், போல்ட்டை மூடும்போதே வெடித்துவிடக்கூடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்