கரிசலில் கடலை இருக்கட்டும், தேக்குக்கு வேறு மண் இருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் சென்ற வாரம் வந்த தேக்கு வளர்ப்புக் கட்டுரையைப் படித்தேன். ஏக்கருக்கு ஆயிரம் மரம், இருபது வருடத்தில் இத்தனை லட்சம் என்று கணக்கைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். எந்த மண்ணில், எவ்வளவு மழையில் என்று ஒரு வரிகூட இல்லை. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு எங்கள் ஊரில் இரண்டு பேர், "கொண்டைக்கடலைக் காட்டை ஓட்டிவிட்டுத் தேக்கு நட்டுவிடலாமா அக்கா?" என்று என்னிடம் வந்துவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்களுடையது உடுமலைக்கு வடக்கே குடிமங்கலம் ஒன்றியம். நல்ல கரிசல். ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கி மண் பதமானதும் கொண்டைக்கடலை போடுவோம். ஏக்கருக்கு முப்பது, முப்பத்தைந்து கிலோ விதை, அதில் கொஞ்சம் ரைசோபியம் என்கிற நுண்ணுயிர் உரம். அப்புறம் அந்தப் பயிர் பெரிதாக ஒன்றும் கேட்காது. கரிசல் பிடித்து வைத்த ஈரமும் மார்கழிப் பனியுமே அதற்குப் போதும். தொண்ணூறு நாளில் காய்ந்து நிற்கும். தண்ணீர் அதிகமானால்தான் கெடும். பூ எடுக்கும்போது மேகம் மூடி மழை பிடித்தால் பூ உதிரும், காய்ப்புழுவும் வந்துவிடும்.

விடிகாலையில் கடலைக் காட்டுக்குள் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். செடி முழுக்கப் பொடிப்பொடியாக ரோமம், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு புளிப்புத் துளி. விரலைத் தொட்டு நாக்கில் வைத்தால் சுர்ரென்று இருக்கும். காலில் சிராய்ப்பு இருந்தால் எரியும். சேலைக் கரை நாள்பட நைந்துபோகும். ராத்திரி செடிமேல் வெள்ளைத் துணியை விரித்து, காலையில் பிழிந்து எடுக்கும் கடலைப்புளிப்பை வயிற்று மந்தத்துக்குக் கொடுக்கிற வழக்கம் முன்பு இருந்தது. முப்பது நாள் செடியின் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை நிறைய வெடிக்கும், கிள்ளிய கொழுந்து கீரையாகிவிடும். அறுத்த பிறகு காய்ந்த செடியும் காய்த்தோல் பொட்டும் ஆடுமாட்டுக்கு. வேர் முடிச்சில் சேர்ந்த தழைச்சத்து மண்ணுக்கு. அடுத்து போடுகிற சோளம் அதைக் காட்டிக்கொடுக்கும். நவராத்திரிச் சுண்டல், கடலைப்பருப்பு, பொட்டுக்கடலை, பஜ்ஜி மாவு எல்லாம் இந்த ஒரே செடிதான்.

தேக்குமேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. எங்கள் வீட்டு வாசல் நிலையும் கதவும் மாமனார் காலத்துத் தேக்கு. இன்றுவரை கரையான் தொடவில்லை, மழைக்கு ஊதி இறுகியதும் இல்லை. எங்கள் காட்டில் நின்றால் தெற்கே தெரிகிற ஆனைமலைதான் தேக்கின் சொந்த ஊர். வெட்டிய மரங்களைச் சரிவில் கீழே நழுவ விட்டதால்தான் அங்கிருக்கிற டாப்சிலிப்புக்கு அந்தப் பெயரே வந்தது. மொட்டையாகிக் கிடந்த அந்தச் சரிவுகளில் தேக்கை மறுபடி எழுப்பிய வன அதிகாரி ஹ்யூகோ உட் 1933இல் காலமானார். அவர் சமாதியும் அங்கே தேக்குகளுக்கு நடுவில்தான். பரம்பிக்குளத்துக் கன்னிமாரா தேக்கின் வயதை நானூறு வருடத்துக்கு மேல் என்கிறார்கள்.

ஆனால் அந்த மண்ணைப் பாருங்கள். ஆழமாக இருக்கும், பெய்த மழை தேங்காமல் வடிந்துவிடும். தேக்குக்கு வருடத்துக்கு 1,200 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை வேண்டும், அதோடு இலை உதிர்த்து ஓய்வெடுக்க மூன்று நான்கு மாத வறட்சியும் வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் கால்வாய்க் கரைகளில் தேக்கு நன்றாக வந்ததற்கும் இதுவே காரணம்: மேடான கரை, வண்டல் மண், வேருக்கு எட்டுகிற தூரத்தில் ஓடுகிற தண்ணீர். எங்களுக்கு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான். பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத் தண்ணீரும் மண்டலம் மண்டலமாக முறை வைத்து விடுவதால், எங்கள் முறை வருகிறபோதுதான் வரும். கரிசலோ மழையில் நீரைப் பிடித்து வைத்து வேரை மூச்சு முட்ட வைக்கும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்து அதே வேரை அறுக்கும்.

எங்கள் ஊரிலேயே அத்தாட்சி இருக்கிறது. வெளியூர்க்காரர் ஒருவர் கரிசலை வாங்கி நட்ட தேக்கு பல வருடம் ஆகியும் கை பருமனைத் தாண்டவில்லை. ஆடிக் காற்று வேறு. காற்றாலை வைக்கத் தேடி வருகிற ஊர் இது. முறம் அகலத்துக்கு இலை விடுகிற மரம் அந்தக் காற்றில் எப்படி நேராக நிற்கும்? பாதி மரம் கிழக்கே சாய்ந்திருக்கிறது. இளமரத்தில் வெளிப்புற வெள்ளைக் கட்டைதான் அதிகம், வைரம் என்கிற கெட்டியான உள்கட்டை நடுவில் கொஞ்சம். மர வியாபாரி அந்த வைரத்துக்குத்தான் விலை சொல்வார். தொண்ணூறுகளில் தேக்குத் தோட்டத்தில் முதலீடு, தேக்குப் பத்திரம் என்று ஊர் ஊராகப் பணம் வாங்கினார்களே, அந்த விளம்பரங்களிலும் இதே இருபது வருடக் கணக்குதான். பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி 1999இல் இதுபோன்ற திட்டங்களுக்கு விதிமுறை கொண்டுவருவதற்குள் எத்தனையோ குடும்பத்துச் சேமிப்பு போய்விட்டது.

கடலையை விட்டுவிட நினைக்கிறவர்களுடைய வருத்தமும் எனக்குப் புரிகிறது. ஆள் கிடைப்பதில்லை. 2025-26 சந்தைப் பருவத்துக்கு அரசின் ஆதார விலை குவிண்டாலுக்கு 5,650 ரூபாய் என்றார்கள். ஆனால் 2023 டிசம்பரில் மஞ்சள் பட்டாணிக்கு இறக்குமதி வரியை எடுத்தார்கள், 2025 நவம்பரில்தான் மறுபடி போட்டார்கள்; அதற்குள் கடலைமாவு போகிற இடத்திலெல்லாம் பட்டாணி மாவும் போய் நின்றுவிட்டது. அதற்குக் கேட்க வேண்டியது நியாயமான கொள்முதலும், இயந்திரத்தில் அறுக்கத் தோதாக உயரமாக வளர்கிற ரக விதையும். கரிசலில் மரத்தை நட்டு இது தீராது.

தேக்கு வேண்டும் என்கிறவர்கள் வடிகால் உள்ள செம்மண் தோட்டத்தில், வாய்க்கால் ஓரத்தில், வரப்பில் நடட்டும். கன்றுக்கு இடைவெளி தாராளமாக விட்டால் முதல் இரண்டு மூன்று வருடம் நடுவில் பயறு வகைகூட எடுக்கலாம். அதற்கப்புறம் நிழல் விழுந்துவிடும். கடலை, தேக்கு இரண்டுமே வெயில் கேட்கிறவை. தமிழக அரசின் நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் விவசாயிகளுக்கு மரக்கன்று கொடுக்கும் அதிகாரிகள், கொடுப்பதற்கு முன்னால் அந்த நிலத்தில் ஒரு குழி தோண்டி மண்ணைப் பார்த்துவிட்டுக் கொடுத்தால் நல்லது.

தங்கள் வேளாண் பக்கத்தில் இனி எந்த மரத்தைப் பற்றி எழுதினாலும் லாபக் கணக்குக்கு மேலேயே மண், மழை, வடிகால் விவரத்தைப் போடுங்கள். தேக்குக் கட்டுரைக்கு ஒரு திருத்தக் குறிப்பும் வேண்டும். ஐப்பசி விதைப்புக்கு முன்னால் அது வந்துவிட்டால், என்னிடம் கேட்டு வந்த இருவரிடமும் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இப்படிக்கு,
கடலை விவசாயி ஒருத்தி,
குடிமங்கலம் ஒன்றியம், திருப்பூர் மாவட்டம்.