ஐந்து பாயிண்டை எங்கே செலவழிப்பது

ஃபோர்ட் காலின்ஸ், கொலராடோ
மார்ச் 8

கண்ணு,

நீ அனுப்பிய மேப்பைப் பிரின்ட் எடுத்து இரண்டு நாளாகச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். அப்பா கவனிக்காமல் அதன்மேல் ரசச் சட்டியை இறக்கி வைத்துவிட்டார். நீ சிவப்புப் பேனாவால் சுழித்திருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மஞ்சளாக இன்னொரு வட்டம் விழுந்திருக்கிறது. "அங்கேதான் மான் நிற்கும், பார்" என்கிறார்.

போனில் பேசினால் நீ "ம்ம், ம்ம்" என்பாய், எனக்குக் கோர்வையாக வராது. அதனால் எழுதுகிறேன். தமிழ் படிக்க நேரமாகும் என்று சொல்லாதே. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு எட்டு வருஷம் வண்டி ஓட்டியவள் நான்.

நீ கேட்டது இதுதானே: இந்த வருஷ மான் வேட்டைக்குப் பூடர் பள்ளத்தாக்கை விட்டுவிட்டு மீக்கருக்கு மேற்கே, அந்தப் பீயான்ஸ் பக்கம் 22-ஆம் வேட்டை யூனிட்டுக்குப் போய்விடலாமா? (எழுத்தைப் பார்த்துப் பைசியான்ஸ் என்று வாசித்துக்கொண்டிருந்தேன். ஊர்க்காரர்கள் வாயில் அது பீயான்ஸ்தான் என்று நீ திருத்தியது நல்லதாயிற்று.) நம் பக்கம் இரண்டு வருஷமாகக் கொம்பையே பார்க்கவில்லை, கூட்டம் கூடிவிட்டது, சி.டபிள்யூ.டி. என்கிற மான் நோய் வேறு என்று மூன்று காரணம் சொன்னாய். வேட்டை அனுமதிக் குலுக்கலில் முன்னுரிமை தருகிற பாயிண்ட் உன்னிடம் ஐந்து சேர்ந்திருக்கிறது, அதை வைத்துக்கொண்டு ஏன் சும்மா இருக்க வேண்டும் என்றும் சொன்னாய்.

முதலில் நம் பழைய இடத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். போன அக்டோபரில் நீ வரவில்லை, நானும் அப்பாவும் மட்டும் போனோம். இரண்டு நாள் நம் பாறைமேல் உட்கார்ந்து பைனாகுலரில் பார்த்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள் காலை எனக்கே கோபம் வந்தது. பன்னிரண்டு வயதில் நீ வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்தபோது துணைக்கு வந்தவள் நான். 1949-இலோ அதற்குப் பிறகோ பிறந்த எல்லோருக்கும் அந்த வகுப்புக் கட்டாயம் என்று தெரிந்ததும் நானும் உட்கார்ந்து பரீட்சை எழுதினேன். அன்றிலிருந்து ஒரே பாறை! தீ வந்துபோன பிறகும் அதே பாறை.

தீயை மறந்திருக்க மாட்டாய். 2020 ஆகஸ்டில் கேமரன் பீக் பக்கம் பிடித்தது, டிசம்பரில்தான் அணைந்ததாகக் கணக்கு. இரண்டு லட்சத்து எட்டாயிரம் ஏக்கருக்கு மேல். காலையில் காரின்மேல் சாம்பல் விபூதி மாதிரி படிந்திருக்கும். அதன் பிறகு நம் பூடர் பக்கத்து 19-ஆம் யூனிட்டில் மான் எங்கே மேய்கிறது, எங்கே படுக்கிறது என்பதெல்லாம் மாறியிருக்கும் என்று நமக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பாறை சௌகரியமாக இருந்தது, முதுகு சாய்க்க இடம் இருந்தது.

அந்த மூன்றாம் நாள் பாறையைத் தாண்டி நடந்தேன். ஒன்றரை மணி நேரம். கருகிய பைன் மரங்கள் விளக்குமாற்றுக் குச்சி மாதிரி நிற்கிற சரிவு. அடியில் ஆஸ்பென் கன்றுகள் என் தோள் உயரம் வளர்ந்து நிற்கின்றன. உட்கார்ந்து ஒரு கிளை நுனியைப் பார்த்தேன். நார் நாராகக் கிழிந்திருந்தது. முயல் கடித்தால் கத்தியால் சீவியது போல இருக்கும். மானுக்கு ஆடு மாதிரி மேல் தாடையில் முன்பல் கிடையாது, இழுத்துப் பிய்த்துத்தான் தின்னும். கோபியில் உன் பாட்டியின் வெள்ளாடு முருங்கைக் கன்றைத் தின்றுவிட்டுப் போனால் நுனி இப்படித்தான் இருக்கும். பெரிய மான் வகையான எல்க்கும் இப்படித்தான் பிய்க்கும் என்பாய். தெரியும். ஆனால் கீழே கிடந்த புழுக்கை சிறிசு, ஆட்டுப் புழுக்கையை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். சில இன்னும் பளபளப்பாக இருந்தன. எதிர்ச் சரிவில் நான்கு பெட்டை. கிடா இல்லை. காற்று என் பிடரியில் அடித்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை, அவை கவனித்துவிட்டன. நாலு காலையும் ஒன்றாக ஊன்றிப் பந்து மாதிரி எகிறிப் போயின. மேட்டின்மேல் ஏறியதும் நின்று திரும்பிப் பார்த்தன, வழக்கம்போல. அந்தக் கழுதைக் காது மட்டும் வானத்தில் தெரிந்தது.

அதனால் பழைய இடத்தில் மான் இல்லை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாம் பார்க்கிற இடத்தில் இல்லை, அவ்வளவே.

சரி, உன் இடத்துக்கு வருகிறேன். அது மோசம் என்று சொல்லவே மாட்டேன். உயரத்தில் இருந்து குளிருக்கு இறங்கி வரும் மான்களுக்குப் பீயான்ஸ் பள்ளம் பெயர்போன இடம், சேஜ்பிரஷ் புதரும் ஜூனிபர் மரமும் கண்ணுக்கெட்டிய தூரம். நீ கிராண்ட் ஜங்ஷனில் இருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் நீ ஜூலையில் இரண்டு வாரம் அங்கே கூடாரம் போட்டுச் சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொன்னாயே, அதுதான் எனக்கு உதைக்கிறது. ஆடியில் பார்த்து ஐப்பசிக்கு எப்படிக் கணக்குப் போடுவாய்? ஜூலையில் நவம்பர் மான்களில் பெரும்பகுதி அங்கே இருக்காது. மேலே ஆஸ்பென் காட்டில் இருக்கும். பனி விழுந்த பிறகுதான் இறங்கும், சில வருஷம் சீக்கிரம், சில வருஷம் சீசன் முடிந்த பிறகு. ஜூலையில் நீ பார்ப்பது பாதையையும் தண்ணீரையும் பூச்சியையும்தான். பாதை பார்த்து வைப்பது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை.

பாதை என்றதும் இன்னொன்று. அங்கே களிமண். ஒரு தூறல் விழுந்தால் டயரில் அப்பம் அப்பமாக அப்பிக்கொள்ளும், நாலு சக்கரமும் சுழலும், வண்டி மட்டும் நகராது. நம்பவில்லை என்றால் அப்பாவிடம் கேள், கோவில்பட்டிக் கரிசலில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர். பள்ளத்தின் அடியில் ஓடையை ஒட்டி இருப்பதெல்லாம் பண்ணைகள். வேலி இல்லை, பலகை இல்லை என்று நுழைந்துவிடாதே. இந்த மாநிலத்தில் தனியார் நிலத்துக்குப் பலகை மாட்ட வேண்டிய அவசியமே இல்லை, அனுமதி வாங்குவது போகிறவன் பொறுப்பு. போனில் இருக்கிற மேப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள், அங்கே போய் சிக்னல் தேடாதே.

அப்புறம் 2022-23 குளிர்காலம். மீக்கர், கிரெய்க் வட்டாரத்தில் பனி கெட்டியாகி, மானும் எல்க்கும் கும்பலாகச் செத்தன. மாநில வனவிலங்குத் துறை அடுத்த வருஷமே அந்தப் பக்கம் டேக்குகளை, அதாவது வேட்டை அனுமதிச் சீட்டுகளை, குறைத்துவிட்டது. அந்த மாதிரிக் குளிரில் முதலில் போவது அந்த வருஷக் குட்டிகள். 2022 கோடையில் பிறந்த கிடாக்களின் வரிசையில் ஓட்டை விழுந்திருக்கும் என்று வை. நீ எதிர்பார்க்கிற மாதிரிக் கொம்பு வைத்த கிடா எந்த வயதில் இருக்கும் என்று விரல் விட்டு எண்ணிப் பார். நான் எண்ணிப் பார்த்தேன், எனக்குக் கொஞ்சம் நெருடுகிறது.

நோயைப் பற்றி நீ சொன்னது மட்டும் காரணமாகவே நிற்காது. அது அங்கேயும் இருக்கிறது. உலகத்திலேயே முதன்முதலில் அதைக் கண்டது நம் ஊரில்தான் தெரியுமா? 1967-இல் இங்கே ஆராய்ச்சிக்காக அடைத்து வைத்திருந்த மான்கள் இளைத்து இளைத்துச் செத்தன. மூளையில் பஞ்சு மாதிரி ஓட்டை விழும் நோய் என்று எலிசபெத் வில்லியம்ஸ் என்ற கால்நடை மருத்துவர் கண்டுபிடிக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எங்கே போனாலும் தலையைக் கொண்டுபோய்ச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கறியைத் தொடாமல் இருக்கத்தான் வேண்டும். குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் அந்தக் கிருமிக்கு ஒன்றும் ஆகாது, கிருமி என்றே அதைச் சொல்லக்கூடாதாம். நம் ஃப்ரீசரில் "காத்திரு" என்று தமிழில் எழுதி ஒட்டியிருந்த பொட்டலங்கள் ஞாபகம் இருக்கிறதா? போன தடவை முடிவு மோசமாக வந்து, நாற்பது பவுண்டுக்கு மேல் கறியைக் கறுப்புப் பையில் கட்டித் தூக்கிப் போட்டோம். அப்பா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. துப்பாக்கியைத் தொடமாட்டார், ஆனால் அந்தத் தொடையை இரண்டு மைல் முதுகில் சுமந்தது அவர்தானே. இதை உன் பாட்டியிடம் சொன்னபோது "மான் கறியா! அங்கே போலீஸ் பிடிக்காதா?" என்று கேட்டாள். இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை நினைத்துக்கொண்டு கேட்கிறாள், பாவம்.

இப்போது பாயிண்டுக்கு வருகிறேன், உன் கேள்வியே அதுதான்.

நாம் இருவரும் குழுவாக விண்ணப்பித்தால் யாருக்குக் குறைவோ அவர் பாயிண்டைத்தான் கணக்கில் எடுப்பார்கள். உனக்கு ஐந்து, எனக்கு ஒன்று. நான் சேர்ந்தால் உன்னை ஒன்றுக்கு இழுத்துவிடுவேன். நீ அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, "அம்மா, நீங்கள் எப்படி விண்ணப்பிக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டாய். கேட்ட விதத்திலேயே புரிந்துவிட்டது. அதற்காகச் சங்கடப்படாதே. நீ தனியாகவே போடு.

ஆனால் இந்த வருஷம் அந்த ஐந்தையும் பீயான்ஸில் வைக்காதே. முதல் விருப்பத்தில் டேக் விழுந்துவிட்டால் பாயிண்ட் மறுநாளே பூஜ்யம். நடந்தே பார்க்காத மண்ணில் ஐந்து வருஷச் சேமிப்பைக் கொட்டுவது எனக்குச் சம்மதமில்லை. முதல் விருப்பத்தில் வெறும் பாயிண்டுக்கான எண்ணைப் போடு, ஆறாகட்டும். இரண்டாம் விருப்பத்தில் விழுந்தால் பாயிண்ட் குறையாது. நம் 19 அப்படிக் கிடைக்கிறதா என்று துறை வெளியிடுகிற குலுக்கல் பட்டியலைப் பார், எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனையாவது விருப்பத்தில் விழுந்தது என்று வருஷவாரியாக இருக்கிறது. கிடைத்தால் அக்டோபரில் வா, அந்த ஆஸ்பென் சரிவைக் காட்டுகிறேன், இந்தத் தடவை காற்றைப் பார்த்து நடக்கிறேன். கிடைக்கவில்லை என்றாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது.

நவம்பர் இரண்டாம் வாரம், மூன்றாம் வேட்டை சீசன் நடக்கிறபோதே, டேக் இல்லாமல் துப்பாக்கி இல்லாமல் பீயான்ஸ் போ. எத்தனை வண்டி நிற்கிறது, எந்தச் சரிவில் தடம் இறங்குகிறது, கிடாக்கள் பெட்டைகளுக்குப் பின்னால் திரிய ஆரம்பித்துவிட்டனவா என்று அப்போதுதான் தெரியும். ஆரஞ்சுச் சட்டையும் தொப்பியும் மட்டும் மறக்காதே, சுடுகிறவர்கள் நடுவில் நடக்கப் போகிறாய். நானும் வருகிறேன். இங்கிருந்து மீக்கர் ஐந்து மணி நேரம். வால்டன், ஸ்டீம்போட், கிரெய்க் என்று சுற்றிக்கொண்டு வர வேண்டும். அந்த 14-ஆம் நெடுஞ்சாலை நம் பழைய இடத்தை ஒட்டித்தான் போகிறது, ஒருமுறை வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டே வருவேன்.

அடுத்த வருஷம் அந்த இடம் உனக்குப் பிடித்தால் ஆறையும் அதிலேயே போடு. எனக்கு டேக் வேண்டாம். அப்பா செய்கிற வேலையை நான் செய்கிறேன். பைனாகுலர் என் கழுத்தில், கறி அவர் முதுகில்.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஏப்ரல் முதல் செவ்வாய், இரவு எட்டு மணி. போன தடவை ஏழே முக்காலுக்கு உன் பாஸ்வேர்டைத் தேடிக்கொண்டிருந்தாய். இந்த ஞாயிற்றுக்கிழமையே போட்டுவிட்டு எனக்கு ஒரு வரி அனுப்பு.

அம்மா

பி.கு.: மேப்பில் ரசக் கறை விழுந்த இடத்தை அப்பா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டார். அரசு நிலம்தானாம், பாதையும் இருக்கிறதாம். நவம்பரில் முதலில் அங்கேதான் போக வேண்டும் என்கிறார்.